குழந்தையின் நெஞ்சில் கட்டி: துளை போட்டா, ஓப்பனா, ரோபோவா?

எங்கள் தியேட்டர் வாசலில் நிற்கிற அப்பா அம்மாக்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “சிஸ்டர், ஓட்டை போட்டே எடுத்துட மாட்டாங்களா?” கையில் போன் இருக்கும், அதில் சித்தப்பாவோ மச்சானோ அனுப்பிய வீடியோ ஓடும். மூன்று சின்னத் துளை, உள்ளே கேமரா, கட்டி நழுவி வெளியே வருகிறது, அடுத்த காட்சியில் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போகிறது. இதைப் பார்த்துவிட்டு வந்தவர்களிடம் “உங்க பாப்பாவுக்கு ஓப்பன்தான்” என்று டாக்டர் சொன்னால், ஏதோ பழைய காலத்து ஆஸ்பத்திரிக்கு வந்து மாட்டிக்கொண்டோமோ என்று முகம் மாறிவிடும்.

நான் டாக்டர் இல்லை. குழந்தைகள் அறுவை சிகிச்சை தியேட்டரில் 16 வருஷமாகக் கருவி எடுத்துக் கொடுக்கிற நர்ஸ். ஓப்பன், துளை, ரோபோ மூன்றிலும் நின்றிருக்கிறேன். உங்கள் குழந்தைக்கு எது சரி என்று நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் அந்த முடிவை எதை வைத்து எடுக்கிறார்கள் என்று சொல்ல முடியும். தழும்பின் நீளம் அந்தப் பட்டியலில் கடைசியில் எங்கோ இருக்கிறது. வீடியோவில்தான் முதலில் வருகிறது.

## முதலில், என்ன கட்டி?

“நெஞ்சில் கட்டி” என்பது நோயின் பெயர் இல்லை, விலாசம் மாதிரி. அங்கே யார் குடியிருக்கிறார் என்று தெரியாமல் வாசல் வழியாகப் போவதா ஜன்னல் வழியாகப் போவதா என்று பேசிப் பயனில்லை.

நெஞ்சின் பின்பக்கம், முதுகெலும்பு ஓரமாக வருபவை குழந்தைகளில் பெரும்பாலும் நரம்புக் கட்டிகள். நியூரோபிளாஸ்டோமா, கேங்லியோநியூரோபிளாஸ்டோமா, கேங்லியோநியூரோமா என்று மூன்று. முதலாவது புற்று, கடைசியானது சாது, நடுவில் உள்ளது இரண்டும் கலந்தது. நெஞ்செலும்புக்குப் பின்னால் முன்பக்கம் வருபவை லிம்போமா என்ற நெறிக்கட்டிப் புற்று, டெரட்டோமா போன்ற ஜெர்ம் செல் கட்டிகள் (முட்டை, விந்து உருவாக்கும் செல்களிலிருந்து வருபவை), அங்கே இருக்கும் தைமஸ் என்ற சுரப்பி சம்பந்தப்பட்டவை. நடுப்பகுதியில் மூச்சுக்குழாயையோ உணவுக்குழாயையோ ஒட்டிய பிறவி நீர்க்கட்டிகளும் நெறிக்கட்டிகளும் இருக்கும். நம் ஊரில் அந்த நெறிக்கட்டி டிபியாக முடிவதும் உண்டு. கேன்சர் என்று அழுதுகொண்டே வந்து டிபி மாத்திரையோடு வீட்டுக்குப் போன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

நுரையீரலுக்குள்ளேயே இருப்பவற்றில், வேறு எங்கோ தொடங்கிய புற்று பரவி வந்ததுதான் அதிகம். கால் எலும்பில் வரும் ஆஸ்டியோசார்கோமா, சிறுநீரகத்தின் வில்ம்ஸ் கட்டி, கல்லீரலின் ஹெப்படோபிளாஸ்டோமா எல்லாம் அப்படி வருபவை. நுரையீரலிலேயே பிறக்கும் புளூரோபல்மனரி பிளாஸ்டோமா மிக அபூர்வம். அதைப் பற்றி ஒரு கசப்பான அனுபவம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

## எதை வைத்து எடை போடுகிறார்கள்?

எதற்காக உள்ளே போகிறோம்? கட்டி என்னவென்று பார்க்க ஒரு துண்டு எடுக்கவா, முழுவதையும் எடுக்கவா? இரண்டும் வேறு வேறு ஆபரேஷன். லிம்போமாவில் கட்டியை முழுசாக எடுப்பது என்ற பேச்சே கிடையாது, அது கீமோவில் கரைகிற கட்டி. அதற்குப் பெரிய ஆபரேஷன் செய்வது, கரையப் போகிற உப்பைக் கடப்பாரையால் உடைப்பது மாதிரி.

உடையாமல் வருமா? சில கட்டிகளை உள்ளே பைக்குள் போட்டுத் துண்டாக்கி எடுக்கலாம். சிலவற்றை உடைத்தால் நோயின் நிலையே ஏறிவிடும்.

எதைச் சுற்றிப் பிடித்திருக்கிறது? நரம்புக் கட்டிகளுக்கு இதை ஸ்கேனிலேயே கணக்குப் போடுவதற்கு 2009 இல் சர்வதேச அளவில் ஒரு பட்டியல் வெளியானது. மகாதமனியைச் சுற்றியிருக்கிறதா, மூச்சுக்குழாயை நெரிக்கிறதா, முதுகுத்தண்டின் கால்வாய்க்குள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நுழைந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். அதில் பெற்றோர் கேள்விப்படாத ஒன்று உண்டு. ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது மார்பு முள்ளெலும்பு வரை, விலா எலும்பு வந்து சேரும் இடத்தில் கட்டி ஊடுருவியிருக்கிறதா என்பது. தண்டுவடத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் முக்கியமான தமனி பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் கிளம்புகிறது. அது அடிபட்டால் கால் இரண்டும் செயலிழக்கலாம். நாலு மில்லிமீட்டர் துளைக்கும் பத்து சென்டிமீட்டர் கீறலுக்கும் நடுவே நாம் வாதம் பண்ணிக்கொண்டிருக்கும்போது, சர்ஜனின் கண் அந்த இடத்தில் நிற்கும்.

குழந்தை ஒரு பக்க நுரையீரலோடு தாக்குப்பிடிக்குமா? துளை போட்டுச் செய்ய வேண்டுமானால் அந்தப் பக்க நுரையீரல் சுருங்க வேண்டும், இல்லாவிட்டால் கேமராவுக்கு இடமே இல்லை. பெரியவர்களுக்கு இரட்டைக் குழாய் போட்டு ஒரு நுரையீரலை அடைப்பார்கள். எட்டு வயதுக்குக் கீழே பொருந்துகிற அளவில் அது அநேகமாகக் கிடையாது. சின்னவர்களுக்குச் சாதாரணக் குழாயையே ஒரு பக்கக் கிளைக்குள் தள்ளி வைப்பார்கள், அல்லது பலூன் வைத்து அடைப்பார்கள். இதில் பாதித் திறமை மயக்க மருந்து டாக்டருடையது. ஆனால் அவர் பெயரை யாரும் கேட்பதில்லை.

பத்து வருஷம் கழித்து என்ன? முதுகு வளைவு, தோள், மார்பு வளர்ச்சி, அப்புறம் தழும்பு. இதோடு செலவும், கீமோவுக்கு எவ்வளவு சீக்கிரம் திரும்ப முடியும் என்பதும்.

## வழி 1: கத்தி வேண்டாம், அல்லது இப்போது வேண்டாம்

இதையும் ஒரு வழியாகவே எண்ணுங்கள். முன்பக்கக் கட்டியோடு வருகிற பையன், மல்லாக்கப் படுத்தால் மூச்சுத் திணறுகிறான், நாலு நாளாக அம்மா தோளில் சாய்ந்தேதான் தூங்குகிறான், முகமும் கழுத்தும் உப்பியிருக்கிறது என்றால், அவனுக்கு மயக்க மருந்து கொடுப்பதே ஆபத்து. தசை தளர்ந்ததும் கட்டி மூச்சுக்குழாய் மேல் உட்கார்ந்துவிடும், குழாய் போட்டும் காற்று போகாது. இப்படிப்பட்ட குழந்தைக்குக் கழுத்து நெறிக்கட்டியிலிருந்தோ, நெஞ்சில் தேங்கிய நீரிலிருந்தோ, எலும்பு மஜ்ஜையிலிருந்தோ, மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு சாம்பிள் எடுக்கப் பார்ப்பார்கள். “ஏன் ஆபரேஷன் பண்ணாம இழுத்தடிக்கிறாங்க” என்று வராந்தாவில் சத்தம் போட்ட தாத்தா ஒருவர் இருந்தார். அந்த இழுத்தடிப்பில்தான் பேரன் பிழைத்தான்.

இங்கே இன்னொன்று: வீசிங் என்று நினைத்து வெளியில் ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். லிம்போமா ஸ்டீராய்டுக்கே சுருங்கிவிடும், பயாப்சியில் என்ன நோய் என்று தெரியாமல் போய்விடும்.

அதேபோல, பின்பக்கக் கட்டி பெரிய குழாய்களைச் சுற்றிக்கொண்டிருந்தால், புற்று என்று பயாப்சியில் உறுதியான பிறகு முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கிவிட்டு அப்புறம் ஆபரேஷனுக்கு எடுப்பது வழக்கம். கேங்லியோநியூரோமா மாதிரி சாதுவான கட்டி, தொந்தரவு எதுவும் இல்லை, எடுக்கப்போனால் நரம்புக்கு ஆபத்து என்றால், வருஷா வருஷம் ஸ்கேன் பார்த்துக்கொண்டு விட்டுவிடுகிற டாக்டர்களும் உண்டு. நியூரோபிளாஸ்டோமாவிலேயே வயிற்றில் வருவதைவிட நெஞ்சில் வருவது பொதுவாக நல்ல பலன் தருவது. அதனால் கடைசித் துணுக்குவரை சுரண்டி எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் எல்லாக் குழந்தைக்கும் இல்லை. இந்த வழியின் மறைமுகச் செலவு மனசுதான். உள்ளே ஒன்று இருக்கிறது என்று தெரிந்துகொண்டே பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்புவது எல்லாருக்கும் முடிகிற காரியமில்லை.

## வழி 2: ஓப்பன்

விலா எலும்புகளுக்கு நடுவே கீறி, எலும்பை விரித்து, நேரில் கண்ணால் பார்த்து, விரலால் தொட்டு எடுப்பது. இதன் பெரிய பலம் அந்த விரல்தான். ரத்தக்குழாய் ஒன்று கிழிந்தால் அடுத்த நொடி விரலை வைத்து அழுத்தலாம். கட்டி எங்கே மெத்தென்று இருக்கிறது, எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று கை சொல்லும்.

நஷ்டமும் உண்மையானது. விரிப்பான் நரம்பை அழுத்துவதால் முதல் மூன்று நாள் வலி கடுமையாக இருக்கும். முதுகில் மெல்லிய குழாய் வைத்து மரத்துப்போக வைத்தால் நன்றாகவே சமாளிக்கலாம், அந்த வசதி இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். ஆஸ்பத்திரியில் ஐந்தாறு நாள். வளர்கிற உடம்பு என்பதால் பின்னாளில் முதுகு ஒரு பக்கம் வளையலாம், தோள்பட்டை எலும்பு துருத்தலாம், விலா எலும்புகளை மூடும்போது இறுக்கிக் கட்டினால் அவை ஒன்றோடொன்று ஒட்டி வளரலாம். பெண் குழந்தையென்றால் பின்னாளில் மார்பு வளரும் இடத்தில் கீறல் விழக்கூடாது, அந்தக் கோட்டை நல்ல சர்ஜன் மயக்கம் கொடுத்ததும் பேனாவால் வரைந்துகொள்வார்.

ஆனால் எல்லா ஓப்பனும் ஒன்றில்லை. முதுகுத் தசையை வெட்டாமல் ஒதுக்கிவிட்டு உள்ளே போகிற முறை இருக்கிறது. தோள் பலவீனம் இதில் மிகவும் குறைவு. “ஓப்பன்” என்று சொன்னதும் பயந்துவிடாமல், “தசையை வெட்டாம செய்வீங்களா டாக்டர்?” என்று கேட்டுப் பாருங்கள். துளையா ஓப்பனா என்ற கேள்வியைவிட இது சில நேரம் உபயோகமான கேள்வி.

எப்போது இதுவே சிறந்தது? கட்டி பெரிது, பெரிய குழாய்களைப் பிடித்திருக்கிறது, உடைந்தால் ஆபத்தான வகை, குழந்தை ஒரு நுரையீரலோடு தாக்குப்பிடிக்காது, விரலால் தடவித் தேட வேண்டியிருக்கிறது. இதில் ஒன்று இருந்தாலே போதும்.

## வழி 3: துளை போட்டு

நெஞ்சுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது புதிய விஷயமில்லை. ஸ்வீடனில் யாகோபேயஸ் என்ற மருத்துவர் 1910 இலேயே டிபி நோயாளிகளுக்காகச் செய்தார். குழந்தைகளில் 1970களில் அமெரிக்காவில் பிராட்லி ராட்ஜர்ஸ் போன்றவர்கள் தொடங்கினார்கள், அதுவும் பெரும்பாலும் சாம்பிள் எடுக்க. கட்டியை முழுசாக எடுக்கிற அளவுக்கு வந்தது கேமராவும் கருவியும் சிறுத்த பிறகுதான்.

உள்ளே எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். குழந்தையை ஒருக்களித்து, பின்பக்கக் கட்டி என்றால் இன்னும் கொஞ்சம் குப்புறச் சாய்த்துப் படுக்க வைப்போம், நுரையீரல் தன் எடையிலேயே முன்னால் விழட்டும் என்று. மூன்று அல்லது நாலு துளை, மூன்று மில்லிமீட்டர் அல்லது ஐந்து மில்லிமீட்டர். கார்பன்-டை-ஆக்சைடு நாலு முதல் ஆறு மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் மெதுவாகப் போகும், வயிற்று ஆபரேஷனுக்குக் கொடுப்பதைவிடக் குறைவு. திரையில் நுரையீரல் ரோஜா நிறத்திலிருந்து மெல்லக் கத்தரிக்காய் நிறத்துக்கு மாறிச் சுருங்கும். பின்னால் விலா எலும்புகள் ஏணிப்படி மாதிரி வரிசையாக, அதன் மேல் பளபளவென்ற ஜவ்வுக்குக் கீழே வெளிர் மஞ்சளாக ஒரு உருண்டை. முதல் தடவை பார்ப்பவர்களுக்கு, இவ்வளவு அழகாகவா இருக்கும் என்று தோன்றும். ஓப்பனில் இப்படித் தெரியாது. கேமரா பெரிதாக்கிக் காட்டுவதால் சின்ன நரம்பிழைகூடத் துல்லியமாகத் தெரியும், அதுதான் இந்த முறையின் நிஜமான லாபம்.

கட்டியைப் பிரித்த பிறகு அதை ஒரு பைக்குள் தள்ளி, ஒரு துளையை இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குப் பெரிதாக்கி வெளியே இழுப்போம். பாட்டிலுக்குள் விழுந்த எலுமிச்சம்பழத்தை எடுக்கிற கதைதான். இந்தப் பை அலங்காரத்துக்கு இல்லை. புற்று செல் துளையின் வழியில் சிந்தினால் அந்தத் தழும்பிலேயே கட்டி திரும்ப வந்த சம்பவங்கள் மருத்துவத்தில் பதிவாகியிருக்கின்றன.

அந்தக் கசப்பான கதை இங்கேதான் வருகிறது. ஒன்றரை வயதுப் பையன், நுரையீரலில் பிறவி நீர்க்கட்டி என்று வேறொரு இடத்தில் துளை போட்டு எடுத்திருக்கிறார்கள், பை இல்லாமல், உடைந்த துண்டுகளாக. பயாப்சி ரிப்போர்ட் வந்தபோது அது புளூரோபல்மனரி பிளாஸ்டோமா. தொடக்க நிலையில் இது ஸ்கேனில் பிறவி நீர்க்கட்டி மாதிரியே இருக்கும், அதனால் அவர்களை முழுக்கக் குற்றம் சொல்லவும் எனக்கு மனசில்லை. ஆனால் உள்ளே சிந்திவிட்டது என்பதால் அந்தப் பையன் கீமோவுக்கு வந்து சேர்ந்தான். குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதிலேயே தைராய்டு கட்டியோ, சிறுநீரக நீர்க்கட்டியோ, இதே மாதிரி நுரையீரல் கட்டியோ இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். டைசர்1 என்ற மரபணுக் கோளாறு இவற்றையெல்லாம் ஒரே நூலில் கோக்கிறது.

துளை முறையின் ஆதாயங்கள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். வலி குறைவு, இரண்டு மூன்று நாளில் வீடு, நெஞ்சில் வைத்த டிரெயின் குழாய் சீக்கிரம் வெளியே, கீமோவைச் சீக்கிரம் தொடங்கலாம், முதுகு வளைவு அபாயம் குறைவு. ஒரு எச்சரிக்கை: துளையில் செய்த குழந்தைகள் சீக்கிரம் தேறினார்கள் என்று காட்டும் ஆய்வுகளில் பல, பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டிப் பார்த்தவை. சின்னக் கட்டி துளைக்குப் போயிருக்கும், பெரிய கட்டி ஓப்பனுக்குப் போயிருக்கும். ஓட்டப் பந்தயத்தில் ஒருவனை முன்னாலேயே நிறுத்திவிட்டு, அவன் வேகமாக ஓடினான் என்றால் எப்படி?

இனி, கன்வர்ட் ஆவது, அதாவது துளையில் தொடங்கி ஓப்பனுக்கு மாறுவது. நாலு வயதுப் பாப்பா ஒருத்தி, காய்ச்சல் இருமலுக்கு எடுத்த எக்ஸ்ரேயில் இதயத்துக்குப் பின்னால் ஒரு நிழல். துளையில் தொடங்கினோம். ஒன்றரை மணி நேரம் நன்றாகப் போனது. அடிப்பக்கம் வரும்போது மகாதமனியிலிருந்து விலாவுக்குப் போகிற சின்னக் கிளை ஒன்று கசிந்தது. மூன்று சிசி ரத்தம்தான் இருக்கும், ஆனால் கேமராவில் திரை முழுக்கச் சிவப்பு. சர்ஜன் சத்தம் போடவில்லை, “சிஸ்டர், ஓப்பன் செட்” என்றார். அது காலையிலேயே என் பக்கத்து மேஜையில் பிரித்து, எண்ணி, பச்சைத் துணி போட்டு மூடி இருந்தது. ஒவ்வொரு துளை ஆபரேஷனுக்கும் அப்படித்தான் வைப்போம். சில நிமிஷத்தில் உள்ளே போய் கிளையைக் கட்டி, கட்டியை முழுசாக எடுத்தாகிவிட்டது.

வெளியே வந்து சொன்னதும் அந்த அப்பா, “தோத்துட்டாங்களா சிஸ்டர்?” என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. தோற்பதென்றால், கசிகிற இடம் தெரியாமல் திரைக்குள்ளேயே மல்லுக்கட்டிக்கொண்டிருப்பதுதான் தோற்பது. அவருடைய மகள் ஆறாம் நாள் நடந்து வீட்டுக்குப் போனாள். “கன்வர்ட் ஆகவே ஆகாது, கேரண்டி” என்று யாராவது சொன்னால் அந்தப் படியிலிருந்து இறங்கிவிடுங்கள்.

கழுத்துக்குக் கீழே, நெஞ்சின் உச்சியில் இருக்கும் நரம்புக் கட்டி என்றால் ஓப்பனோ துளையோ, எதுவானாலும் ஒரு விளைவு வரலாம். அந்தப் பக்கக் கண்ணிமை லேசாகத் தொங்கும், கண்மணி சிறுக்கும், முகத்தில் அந்தப் பாதி வியர்க்காது. ஹார்னர் என்று பெயர். சில குழந்தைகளுக்கு ஆபரேஷனுக்கு முன்னாலேயே கட்டியால் இருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். முந்தின நாள் நல்ல வெளிச்சத்தில் பிள்ளையின் முகத்தை நேராக ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

## வழி 4: ரோபோ

சுருக்கமாகவே சொல்கிறேன். ரோபோ தானாக எதுவும் செய்யாது, சர்ஜன் ஓரமாக உட்கார்ந்து அதன் கையை ஆட்டுகிறார். கருவி மணிக்கட்டு மாதிரி வளையும், படம் முப்பரிமாணத்தில் தெரியும், குறுகலான இடத்தில் தையல் போடுவது சுலபம். பிரச்சினை அளவில்தான். இப்போது அதிகம் புழங்கும் டா வின்சி என்ற ரோபோவின் கருவிகள் எட்டு மில்லிமீட்டர் தடிமன், துளைகளுக்கு நடுவே ஆறு முதல் எட்டு சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். எட்டு கிலோ குழந்தையின் நெஞ்சு என் உள்ளங்கை அகலம். அங்கே மூன்று மில்லிமீட்டர் கருவிதான் நாகரிகம், எட்டு மில்லிமீட்டர் இல்லை. பதின்ம வயதுப் பிள்ளை, தைமஸ், நெஞ்சின் உச்சியிலோ ஆழத்திலோ இருக்கும் சின்னக் கட்டி என்றால் ரோபோ நன்றாகவே வேலை செய்யும். மற்றபடி, சாதாரணத் துளை முறையில் கைதேர்ந்தவர் இருக்கும்போது ரோபோவுக்காகக் கூடுதல் பணம் கட்டுவதில் நெஞ்சுக் கட்டிக் குழந்தைக்குப் பெரிய லாபம் ஒன்றையும் நான் பார்க்கவில்லை.

## நுரையீரலில் பரவிய பொட்டுகள்: தனிக் கணக்கு

ஆஸ்டியோசார்கோமா பரவியிருந்தால் கேள்வியே மாறுகிறது. இந்தப் புற்றுக்கு நுரையீரல் பொட்டுகளைக் கீமோ மட்டும் தீர்க்காது, ஒவ்வொன்றையும் எடுத்தால்தான் குணமாக வாய்ப்பு. சிடி ஸ்கேன் நாலு பொட்டு காட்டும். ஓப்பன் செய்து சர்ஜன் நுரையீரலை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து, முறத்தில் அரிசியைத் தள்ளிக் கல் பொறுக்குகிற மாதிரி தடவினால் ஆறு அகப்படும். கேமராவுக்கு அந்த விரல் இல்லை. அதனால்தான் பல ஆண்டுகளாக இதற்கு ஓப்பனே முறை என்று இருந்தது.

மறுபக்கத்து வாதமும் பலமானதே. விரலுக்குத் தட்டுப்பட்ட அந்த இரண்டு உபரிப் பொட்டும் எப்போதும் புற்றாக இருப்பதில்லை, பழைய தழும்பாகவும் இருக்கும். இன்றைய ஸ்கேன் மில்லிமீட்டர் கணக்கில் அரிந்து காட்டுகிறது. இதைத் தீர்க்கவே சில்ட்ரன்ஸ் ஆன்காலஜி குரூப் என்ற அமைப்பு, ஒரு நுரையீரலுக்கு நாலு பொட்டுக்கு மேல் இல்லாத பிள்ளைகளை ஓப்பன், துளை என்று குலுக்கல் முறையில் பிரித்து ஏஓஎஸ்டி2031 என்ற ஆய்வை நடத்துகிறது. எதிரெதிர் வாதத்தில் இரண்டு பெரிய டாக்டர்கள் இருந்தால் இருவரும் உங்களை ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்காதீர்கள்.

துளையில் தேடுவதற்கு உதவிகள் வந்திருக்கின்றன. ஆபரேஷன் அன்று காலை சிடியில் வைத்தே பொட்டுக்குப் பக்கத்தில் கம்பியோ நீலச் சாயமோ வைத்துவிடலாம். ஹெப்படோபிளாஸ்டோமா என்றால் ஐசிஜி என்ற பச்சைச் சாயத்தை முன்னதாகவே ஊசியில் ஏற்றிவிட்டால், தனிக் கேமராவில் பொட்டுகள் இருட்டில் மின்மினி மாதிரி ஒளிரும். வில்ம்ஸ் கதை வேறு, அதில் கீமோவிலேயே பல பொட்டுகள் கரைந்துவிடும், மிஞ்சியதற்குத்தான் கத்தியோ கதிர்வீச்சோ.

## ஒரே பார்வையில்

| எதைப் பார்க்கிறோம் | ஓப்பன் | துளை | ரோபோ |
|---|---|---|---|
| விரலால் தொட்டுத் தேடுவது | முடியும் | முடியாது | முடியாது |
| திடீர் ரத்தக்கசிவு | உடனே அழுத்தலாம் | ஓப்பனுக்கு மாற வேண்டிவரலாம் | மாறுவதற்கு முன் ரோபோவை விலக்க வேண்டும், சில நிமிஷம் போகும் |
| கைக்குழந்தை | சரி | பழகிய குழு இருந்தால் சரி | அநேகமாகப் பொருந்தாது |
| ஒரு பக்க நுரையீரல் மயக்கம் | இருந்தால் நல்லது | அநேகமாக வேண்டும் | வேண்டும் |
| ஆஸ்பத்திரி நாட்கள் | 5–6 | 2–3 | 2–3 |
| முதுகு வளைவு, தோள் | கவலைப்பட வேண்டியது | குறைவு | குறைவு |
| பெரிய கட்டி, குழாயைச் சுற்றியது | இதுதான் | பொதுவாக வேண்டாம் | பொதுவாக வேண்டாம் |
| பின்பக்கச் சின்ன நரம்புக் கட்டி | தேவையில்லாமல் பெரிது | இதுதான் | பெரிய பிள்ளைக்குச் சரி |
| சாம்பிள் மட்டும் | அபூர்வமாக | நல்லது | வீண் செலவு |

## பில்லில் முதலில் தெரியாத செலவுகள்

துளை முறை நாட்கள் குறைவு என்பதால் மலிவு என்று நினைக்கிறோம். தனியார் இடங்களில் ஸ்டேப்ளர், அதற்கான கார்ட்ரிட்ஜ், ரத்தம் உறையவைக்கும் கருவி, அந்தப் பை என்று ஒவ்வொன்றும் ஒரு தடவை போட்டுத் தூக்கிப்போடுகிற சாமான், தனித்தனி வரியாக பில்லில் ஏறும். பேக்கேஜில் இவை அடங்குமா, ஓப்பனுக்கு மாறினால் தொகை என்ன ஆகும் என்று எழுத்தில் வாங்குங்கள். பொட்டுக்குக் கம்பி வைக்கிற சிடி தனிக் காசு. இரண்டு பக்க நுரையீரலிலும் இருந்தால் இரண்டு ஆபரேஷன் வரலாம், இரண்டு பில்.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அட்டை இருந்தால் மட்டும் போதாது, ஆபரேஷனுக்கு முன் அனுமதி வர வேண்டும், அதற்கு பயாப்சி, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் ஏற்ற வேண்டும். அந்த மூன்று நாலு நாளில் கட்டி ஓடிப்போகாது, ஆனால் லாட்ஜ் வாடகை ஓடும். ரோபோவின் கூடுதல் தொகை இதில் சேருமா என்று காப்பீட்டு டெஸ்க்கில் கேட்டுவிட்டுத் தலையாட்டுங்கள்.

ஓப்பனின் ஒளிந்த செலவு வேறு மாதிரி வரும். வீட்டில் ஒருவர் கூடுதலாக ஒரு வாரம் வேலைக்குப் போக முடியாது, பிசியோதெரபிக்கு அலைய வேண்டும், எலும்பு டாக்டரிடம் முதுகை வருஷத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும், அதுவும் உயரம் நின்றுபோகிற வயதுவரை. கடைசியாகச் சொன்னதை முக்கால்வாசிப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

## அப்படியானால் யாரிடம் போவது?

கருவியைவிட எண்ணிக்கை முக்கியம். “இந்த மாதிரிக் கட்டி குழந்தைகளுக்கு எத்தனை செய்திருக்கீங்க, அதில் எத்தனை ஓப்பனுக்கு மாறியது?” என்று மரியாதையாகக் கேட்கலாம், நல்ல சர்ஜன் கோபித்துக்கொள்ள மாட்டார். பெரியவர்களுக்கு நெஞ்சில் துளை போடுவதில் கெட்டிக்காரர் என்பதற்காக நாலு கிலோ குழந்தையைக் கொடுக்காதீர்கள். குழந்தைகள் ஐசியூ அதே கட்டிடத்தில் இருக்கிறதா, கீமோ டாக்டரும் சர்ஜனும் ஸ்கேனை ஒன்றாக உட்கார்ந்து பார்த்தார்களா என்று விசாரியுங்கள். துளை, ஓப்பன் இரண்டும் தெரிந்தவர் “உங்க பாப்பாவுக்கு ஓப்பன்” என்று சொன்னால் நான் நம்புவேன். ஒன்று மட்டும் தெரிந்தவர் அதையே சொன்னால், அது ஓப்பனானாலும் துளையானாலும், இன்னொருவரிடம் காட்டச் சொல்வேன்.

இன்னொருவரிடம் போகும்போது ரிப்போர்ட் தாளை மட்டும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போகாதீர்கள். ஸ்கேன் எடுத்த இடத்தில் படங்கள் பதிந்த டிஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள், பயாப்சி ஆகியிருந்தால் அந்த ஸ்லைடும், சாம்பிளைப் பதித்து வைத்த மெழுகுத் துண்டும் சேர்த்து. தாளில் “பெரிய குழாயை ஒட்டியிருக்கிறது” என்று ஒரு வரிதான் இருக்கும்; ஒட்டியிருக்கிறதா, சுற்றியிருக்கிறதா என்று படத்தை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தால்தான் சர்ஜனுக்குத் தெரியும்.